இரண்டாம் பாகம் வேண்டாம் என்று எழுதிய அம்மணி

ஒரு மனிதருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று தெரிந்த பிறகும், அவர் பார்க்க ஆசைப்பட்ட ஒன்றை அவருக்குக் கிடைக்காமல் செய்தவன் நான். அது ஒரு காமிக்ஸ் புத்தகம். உளவுக்கதை. முதல் பாகம் வந்திருந்தது, இரண்டாம் பாகம் வரவேண்டியிருந்தது. அந்த மனிதர் என் சம்பந்தி, என் மகளின் மாமனார். இதை எனக்குச் சாதகமாகச் சொல்ல ஏதாவது வழியிருக்கிறதா என்று வெகுநாள் யோசித்துப் பார்த்தேன். இல்லை.

நான் கொல்லிமலையில் தேவனூர் நாட்டைச் சேர்ந்தவன்; மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்போம். மலையிறங்கிப் போய்ப் படித்து, கீழே ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து மிளகுக் கொடிகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டேன். சம்பந்திக்குச் சேந்தமங்கலத்தில் பெயிண்ட் கடை. அவர் மகனும் என் மகளும் ஒன்றாகப் படித்தவர்கள். கல்யாணத்தைத் தாங்களே முடிவு செய்துகொண்டு வந்து எங்களிடம் சொன்னவர்கள். மலைக்காரப் பெண் என்று அவர் வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள். பெண் பார்க்கிற சாக்கில் அவர் மேலே வந்தபோது விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். கொடுத்த காப்பியை வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டார். பிறகு என் அலமாரியைப் பார்த்தார்.

“ஏனுங்க, இதெல்லாம் ஊட்டுல யாரு படிக்கறது?”

“நான்தானுங்க.”

“காலேசு வாத்தியாருங்க, நீங்களா பொம்மை பொஸ்தகம் படிக்கறீங்க?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போய் ஒன்றை உருவினார். “இது எங்கிட்ட இல்லீங்களே. எங்கீங்க புடிச்சீங்க இதை?”

ஆறிப்போன காப்பியை அலமாரி முன்னால் நின்றபடியே குடித்து முடித்தார். கல்யாணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

எங்களுக்குக் காமிக்ஸ் அனுப்புகிற பதிப்பகம் சிறியது. ஐரோப்பியக் கதைகளைத் தமிழாக்கி, சந்தா கட்டியவர்களுக்கு மாதம் ஒரு பார்சல் அனுப்பும். அதன் ஆசிரியர் ஒரு வலைப்பதிவு வைத்திருக்கிறார். மாதாமாதம் புதுப் புத்தகங்களைப் பற்றி அவர் எழுத, அதன் கீழே வாசகர்கள் பின்னூட்டம் போடுவோம். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். கதையின் முடிவை வெளியிடக் கூடாது, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும், முதலில் படித்து முதலில் கருத்துச் சொல்பவருக்குத் தனி மரியாதை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டு. உள்ளே இருப்பவர்களுக்கு இதுதான் ஊர்க்கூட்டம். அந்தக் கூட்டத்தில் என்னைப் ‘பேராசிரியர் ஐயா’ என்பார்கள். நான் எழுதும் நீளமான கருத்துகளுக்காகக் காத்திருப்பதாகச் சொல்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

கூரியர்காரர்கள் மலையேற மாட்டார்கள். ஆகவே என் பார்சலும் சம்பந்தியின் கடைக்குத்தான் வரும். அவர் அதை மலைக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட, நான் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்வேன். எங்கள் பக்கம் மருந்து, மோட்டார் பெல்ட், கல்யாணப் பத்திரிகை எல்லாமே இப்படித்தான் மேலே ஏறுகின்றன. ஆனால் சம்பந்தி தன் பிரதியைப் படித்து, கருத்தும் போட்ட பிறகுதான் என் பார்சலை பஸ்ஸில் ஏற்றுவார். கேட்டால், “கடையில கூட்டமுங்க சம்மந்தி, மறந்தே போச்சுங்க” என்பார். அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதுவரை அது விளையாட்டாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த உளவுக்கதை வந்தது. பகை நாடுகள் இரண்டின் உளவுத்துறைகளைச் சேர்ந்த இரண்டு பெண்கள். ஒருத்திக்குச் செம்பட்டைக் கூந்தல், மற்றவளுக்குப் பொன்னிறம். ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டே ஊர் ஊராகப் போகிறார்கள். நடுவில் ஒருத்தி மற்றவளின் வேடம் வேறு போடுகிறாள். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், ஒரு பனிமலைக்கு மேலே, ரோப் காருக்குள் இருவரும் சிக்கிக்கொள்கிறார்கள். கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. இனி ஒருவரின் பாரத்தைத்தான் அது தாங்கும். துப்பாக்கி இருவருக்கும் நடுவே தரையில் கிடக்கிறது. அத்தோடு ‘தொடரும்’.

விலை கட்டுப்படியாக வேண்டுமென்று புத்தகத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருந்தார்கள். செம்பட்டையும் பொன்னிறமும் ஒரே சாம்பல் நிறமாக வந்திருந்தன. அட்டையில் மட்டும்தான் வண்ணம். எனக்கோ புத்தகம் கைக்கு வந்ததும் காக்கித்தாளில் அட்டை போட்டுவிடுகிற பழக்கம். எனவே யார் எந்த முடிக்காரி என்பதை உள்ளே இருந்த படங்களை வைத்து நானாக முடிவு செய்துகொண்டேன். அந்த நம்பிக்கையில், துரோகம் செய்பவளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று நீண்ட கருத்து ஒன்றை எழுதினேன். பத்துக்கு ஒன்பது மார்க் போட்டேன். நான் எழுதியவற்றிலேயே நல்லது என்று நினைத்திருந்தேன்.

அதற்குக் கீழே சம்பந்தி எழுதினார்: “சம்மந்தி ஐயா பிரமாதமா எழுதியிருக்காருங்க. ஆனா பாவம், பொஸ்தகம் பூரா ரெண்டு பொம்பளையையும் மாத்திப் பார்த்திருக்காரு. காட்டிக் குடுத்தவளுக்கு மெடல் குத்தி வுட்டுட்டு, காப்பாத்துனவளைத் திட்டித் தீர்த்துட்டாரு. மலை மேல பனி சாஸ்திங்க. மன்னிச்சு வுட்ருங்க.”

போய் அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் இருவரையும் மாற்றித்தான் படித்திருந்தேன்.

அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் எனக்கு வேறு பெயர். யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால், “அங்கேயும் பனிங்களா?” என்பார்கள். நான் ஒரு புத்தகத்தைப் பாராட்டினால், “ஐயா எந்தப் புத்தகத்தைச் சொல்றீங்க, இதையா, அடுத்ததையா?” என்பார்கள். ஒவ்வொரு கேலிக்கும் சம்பந்தி ஒரு சிரிப்புப் பொம்மையைத் தவறாமல் போடுவார். அதையும் பொறுத்திருப்பேன். பேத்தியின் காதுகுத்தில்தான் அது வேறாகியது.

விருந்து கீழே, அவர்கள் ஊர் மண்டபத்தில். மலையிலிருந்து என் அண்ணனும் பங்காளிகளும் வந்து ஒரு வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி பந்தி விசாரித்துக்கொண்டே வந்தவர், என் இலைக்கு எதிரே நின்று தன் சகலையிடம் சத்தமாகச் சொன்னார்.

“எங்க மலைச் சம்மந்தி இருக்காரே, பெரிய படிப்புங்க. ஆனா ரெண்டு பொம்பளை எதுக்க வந்து நின்னா எது எதுன்னு தெரியாது அவருக்கு!”

“அப்புறம் எப்புடீங்க பொழுதோட சரியான ஊட்டுக்குப் போய்ச் சேர்றாரு?” என்றார் சகலை.

“அங்க மலையில இருக்கறதே ஒரு ஊடுதானுங்களே. தப்பிச்சுட்டாரு!”

மண்டபமே சிரித்தது. என் மனைவிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நானும் சிரித்தேன். எங்கள் ஆட்கள் வரிசை மட்டும் சிரிக்கவில்லை. என் அண்ணன் பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்தார். சிரித்த முகத்தை மாற்றாமலே நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: இந்த மனிதருக்குத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை. எதைப் பிடுங்கினால் அவருக்கு வலிக்கும் என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

அதை எனக்குச் சொன்னவள் என் மகள். ஒருநாள் போனில் அழுதாள்.

“மாமாவுக்கு சர்க்கரை கண்ணுக்கு ஏறிருச்சுங்கப்பா. உள்ள ரத்தம் கசியுதாம். ஊசி போடறாங்க, ஆனா நிக்கறது கஷ்டம்ங்கறாங்க. கொஞ்சங் கொஞ்சமாப் பார்வை போயிருமாம்.”

“அவரு என்ன சொல்றாரு?”

“என்ன சொல்லுவாரு? ‘அந்த ரெண்டாம் பாகம் வர்ற வரைக்கும் தாங்குமான்னு கேட்டுச் சொல்லுங்க’ன்னு டாக்டர்கிட்டயே கேக்கறாரு.”

வருத்தமாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். வருத்தமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே ஆசிரியர் பதிவில் எழுதினார்: இரட்டைப் பெண் உளவாளிகள் கதைக்கு இரண்டாம் பாகம் போடலாமா, வேண்டாமா? செலவு அதிகம்; வாசகர்களின் கருத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். அதைப் படித்ததும் என் வருத்தம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

சம்பந்தி தினமும் காலையில் ‘வேண்டும்’ என்று ஒரு பின்னூட்டம் போட்டார். எழுத்துப் பிழைகள் கூடிக்கொண்டே போயின. நான் முதலில் என் பெயரிலேயே ‘வேண்டாம்’ என்று எழுதிப் பார்த்தேன். யாரும் மதிக்கவில்லை. “சம்பந்திச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா” என்று ஒருவர் எழுதிவிட்டார். நியாயமான கருத்துப் போல ஒலிக்க வேறு ஒரு குரல் தேவைப்பட்டது.

அந்தக் கூட்டத்தில் பெண்கள் மிகக் குறைவு. ஒரு பெண் ஒரு வரி எழுதினால்கூட ஆசிரியர் நன்றி சொல்லித் தனியாகப் பதில் எழுதுவார். ஆகவே நான் ஒரு பெண்ணை உண்டாக்கினேன். ஊர் ஈரோடு, கணவருக்கு ஜவுளி வியாபாரம், பள்ளிக்குப் போகும் மகள் ஒருத்தி. எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. போனுக்கு நல்ல சிக்னல் கிடைப்பது அங்கேதான். மத்தியானம் சாப்பிட்டதும் அங்கே ஏறிப் போய், வெள்ளி ஓக் மரத்தில் சாய்ந்துகொண்டு, அந்தப் பெண்ணாக எழுதுவேன். உடனே தாக்கவில்லை. முதலில் வேறு புத்தகங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை. பழைய கதைகளைக் கணவரின் பெட்டியில் கண்டெடுத்த கதை. சம்பந்தியின் பின்னூட்டம் ஒன்றைக்கூட அவள் பாராட்டினாள். “நன்றிங்க அம்மணி, உங்களாட்டம் படிச்சவங்க சொன்னா சந்தோசமா இருக்குது” என்று அவர் உருகிப் பதில் எழுதினார். எதிரி நாட்டுக்குள் ஆளை இறக்கி, ஊராரின் நம்பிக்கையைச் சம்பாதிக்க விடுகிற அந்தக் கதையின் தந்திரம்தான் இது. நான் அதிலிருந்து கற்றுக்கொண்டதும் இதுதான்.

வாக்கெடுப்பு முடிகிற சமயத்தில் அவள் எழுதினாள்:

“ஒரு பெண்ணாகச் சொல்கிறேன். இரண்டு பெண்களை அவ்வளவு அழகாக வரைந்துவிட்டு, ஒருத்தி முதுகில் ஒருத்தி குத்துவதைத் தவிர வேறு வேலையே தரவில்லை. என் மகள் கையில் பட்டுவிடக் கூடாதென்று இதை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன். ஆண்கள் எல்லோரும் கேட்கிறார்கள் என்றால் இரண்டாம் பாகம் வரட்டும். நான் சந்தாவை நிறுத்திக்கொள்கிறேன்.”

இதில் ஒரு வார்த்தைகூட என் கருத்தில்லை. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரோப் காருக்குள் என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டே எத்தனையோ முறை மிளகுக் கொடிக்கு வைத்த ஏணியில் ஏறி, எதற்கு ஏறினேன் என்று மறந்து நின்றிருக்கிறேன்.

கூட்டம் கலங்கிவிட்டது. நேற்றுவரை ‘வேண்டும்’ என்றவர்கள், “அம்மா சொல்வதும் யோசிக்க வேண்டியது” என்று பின்வாங்கினார்கள். பெண்கள் படிக்க வரவேண்டும் என்றால் இதையெல்லாம் விடத்தான் வேண்டும் என்றார் ஒருவர். சம்பந்தி ஒரு நாள் முழுக்க ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் எழுதினார்.

“அம்மணி, உங்க மேல கோவம் இல்லீங்க. நீங்க சொல்றதுல நாயம் இருக்கலாம். எனக்குக் கண்ணு போயிட்டு இருக்குதுங்க. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் எழுத்துத் தெரியும்ங்கறாங்க. அந்த ரோப் காருல இருந்து யாரு எறங்குனாங்கன்னு பார்த்துட்டா போதுமுங்க. அப்புறம் சீரிஸை நிறுத்தச் சொல்லி உங்ககூட நானும் எழுதறேன். எம் மருமவளோட அப்பா எம் மேல இருக்கற காட்டத்துல வேண்டாம்ங்கறாரு, அவரை வுடுங்க. நீங்க நடுநிலையான ஆளு. ஒரு வார்த்தை வரட்டும்னு சொல்லுங்க அம்மணி.”

பாறையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியதை எழுதிவிடுகிறேன். இனித்தது. என் பெயரைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைத்த அதே இடத்தில், எல்லோரும் பார்க்க, அவர் கையேந்தி நிற்கிறார், அதுவும் என்னிடம், என்னிடம் என்று தெரியாமலே. கீழே தோட்டத்திலிருந்து மனைவி கூப்பிட்டது காதில் விழுந்தது. பதில் சொல்லாமல் தட்டச்சு செய்தேன்.

“ஐயா, உங்கள் உடல்நிலைக்கு வருந்துகிறேன். ஆனால் சொந்த நோயைக் காட்டி ஒரு புத்தகத்தை வெளியிடச் சொல்வது முறையல்ல. அந்த மலைப் பெரியவர் நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார்.”

பொழுது சாய்வதற்குள் சம்பந்தி தன் பின்னூட்டத்தை எடுத்துவிட்டார். ‘இந்தக் கருத்தை எழுதியவர் நீக்கிவிட்டார்’ என்ற வரி மட்டும் அங்கே இருந்தது. ஈரோட்டு அம்மணியின் பதில் அதற்குக் கீழே, எதற்குப் பதில் என்றே தெரியாமல், நின்றது. ஆசிரியர் இரண்டாம் பாகத்தைத் தள்ளிவைப்பதாக அறிவித்தார்.

நான் அத்தோடு விடவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் இறங்கிக் கடைக்குப் போனேன். சம்பந்தி நிற அட்டையைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துக்கொண்டு ஒரு கொத்தனாருக்கு ஏதோ எடுத்துக் கொடுத்தார். “நான் கேட்டது சந்தனமுங்க, நீங்க குடுக்கறது ரோசு” என்றான் அந்த ஆள். கடைப்பையன் வந்து டப்பாவை மாற்றினான்.

“வாங்க சம்மந்தி, உக்காருங்க. பார்த்தீங்களா அந்த ஈரோட்டு அம்மணி பண்ணுன வேலையை?”

“பார்த்தனுங்க. பொம்பளைங்க சொன்னா எடிட்டர் தட்டமாட்டாருங்களே.”

“நல்லா சிரிச்சுப் பேசிட்டு இருந்துச்சுங்க. என்ன கோவமோ.” அட்டையை மேசையில் வைத்துத் தடவினார். “நோயைக் காட்டறேனாம். கேட்டீங்களா அதை?”

“நானும் படிச்சனுங்க,” என்றேன். அவர் வரவழைத்த டீயைக் குடித்தேன். பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு மேலே வந்தேன். பஸ் வளைவு வளைவாக ஏறும்போது மனசு லேசாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு இதை மூடமுடியாது.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவருக்கு எழுத்து போய்விட்டது. பிறகு முகங்களும் போயின. கடையை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தான். ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது அவர் தன் அலமாரியின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புத்தகங்களின் முதுகைத் தடவி, கனத்தை வைத்தே இது இன்னது என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சில சரியாக இருந்தன. உளவுக்கதையை எடுத்தபோது அவளே எழுத்துக்கூட்டிப் படித்துப் பெயரைச் சொன்னாள். “அதை வெய்யி கண்ணு, அது பாதிக் கதை” என்றார். அப்போதுதான் என் இனிப்பு திரிந்தது. அதற்கு முன்பு திரிந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

ஈரோட்டு அம்மணியின் கணக்கை அழித்தேன். என் பெயரில் ஆசிரியருக்கு, இரண்டாம் பாகம் வேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன். நான் எழுதியதால் வந்ததோ, மற்றவர்களின் முன்பதிவால் வந்ததோ தெரியாது. தள்ளிவைத்த இரண்டாம் பாகம் போன வருடம் வந்தது. இந்த முறை வண்ணத்தில்.

சம்பந்தியின் சந்தாவை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். என் ஒரு பிரதி மட்டும் பஸ்ஸில் ஏறி வந்தது. பார்சலை மட்டும் பிரித்தேன், புத்தகத்தைத் திறக்கவில்லை. மறுநாள் காலைப் பஸ்ஸில் அதைக் கீழே எடுத்துப் போனேன். அவருக்குப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டுவது, கடைசியில் உண்மையைச் சொல்வது என்று திட்டம். வாத்தியாராக இருந்த பழக்கம். எல்லாவற்றுக்கும் ஒரு பாடத்திட்டம்.

அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என் மகள் பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டாம் பாகம் வந்துருச்சுங்க சம்மந்தி. படிச்சுக் காட்டலாம்னு கொண்டாந்தேன்.”

அவர் கையை நீட்டி வாங்கி, அட்டையைத் தடவினார். முகர்ந்து பார்த்தார்.

“கலருங்களா?”

“கலர்தானுங்க.”

“ஓ.” புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். “அந்த ஈரோட்டு அம்மணி இப்ப என்னங்க சொல்லுது?”

திட்டமெல்லாம் அந்தக் கேள்வியில் போயிற்று.

“அது ஒண்ணுஞ் சொல்லாதுங்க. அது நான்தானுங்க.”

“எது?”

“அந்த அம்மணி. நான்தான் அந்தப் பேருல எழுதுனேன். காதுகுத்துல நீங்க பேசுனதுக்காக.”

மகளின் கத்தி பலகையில் நின்றுவிட்டது. சம்பந்தி என் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். பார்வை என் தோளுக்கு மேலே எங்கோ போயிற்று.

“நான் கண்ணைப் பத்தி எழுதுனனே, அது…”

“படிச்சனுங்க.”

“அதுக்குப் பதில் வந்துச்சே.”

“நான்தானுங்க.”

“எங்க ஊட்டுக்காரிகிட்டகூட நான் அப்படிக் கெஞ்சுனதில்லீங்க,” என்றார். குரல் உயரவே இல்லை. “கடைக்கு வந்தீங்க. பலாப்பழம் கொண்டாந்தீங்க. அது எதுக்குங்க?”

“பார்க்கறதுக்கு.”

“பார்த்துட்டீங்க.”

“மன்னிச்சுருங்க சம்மந்தி.”

“அது வேறங்க. அதை அப்புறம் பார்த்துக்கலாம். இந்தப் பொஸ்தகத்தை நீங்க படிச்சுட்டீங்களா?”

“இல்லீங்க. தெறக்கவே இல்ல.”

அவர் அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“இனியும் படிக்கக் கூடாது. வேற காப்பி வாங்கியும் படிக்கக் கூடாது. யாருகிட்டயும் கதையைக் கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

“பேத்தி மேல சத்தியமா…”

“அது எனக்கும் பேத்திங்க. அது மேல வேண்டாம். உங்க கண்ணு மேல பண்ணுங்க.”

பண்ணினேன். மகளைப் பார்த்தேன். அவள் ஏதாவது சொல்லி இதைக் குறைப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் கத்தியை மறுபடி எடுத்தாள்.

“மாமா கேக்கறது நாயந்தானுங்கப்பா,” என்றாள். பிறகு அவரிடம், “சாப்பாட்டுக்கு அப்புறம் நான் படிச்சுக் காட்டறேனுங்க மாமா. படத்தையுஞ் சொல்றேன்.” பஸ் ஏற வழியனுப்ப அவள் வரவில்லை.

மலையில் என் மனைவியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நல்லா வேணும்” என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

என் மகள் நாளுக்குச் சில பக்கங்களாக, ஒவ்வொரு கட்டத்தையும் விவரித்து, அவருக்குப் படித்துக் காட்டினாள். அன்றன்றைக்குப் படித்து முடித்ததும் சம்பந்தி எனக்குப் போன் செய்வார். பேரப்பிள்ளை நலம், மழை, மிளகு விலை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வருவார்.

“இன்னைக்குத் துப்பாக்கியை எடுத்துட்டாங்க சம்மந்தி.”

“யாருங்க?” என்னை மீறி வாயிலிருந்து வந்துவிட்டது.

“அதைச் சொன்னா உங்க கண்ணுக்கு ஆகாதுங்களே!” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

இன்னொரு நாள்: “ரோப் காரு கீழ வந்து சேர்ந்துருச்சுங்க. கதவும் தெறந்தாச்சு. எம் மருமவ சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்சமே வந்துருச்சு.”

நான் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன்.

“வெச்சர்றனுங்க,” என்றார்.

இப்போது என்னால் அந்த வலைப்பதிவுக்குள் போகமுடிவதில்லை. எல்லோரும் இரண்டாம் பாகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முடிவைச் சொல்லக் கூடாது என்ற விதியெல்லாம் முதல் வாரத்தோடு சரி. எனக்கென்று இருந்த ஊர்க்கூட்டம் அது ஒன்றுதான். அதன் வாசலில் நின்றுகூடக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாராவது அங்கே இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: நீங்கள் எல்லோரும் மரியாதை கொடுத்த ஈரோட்டு வாசகி நான்தான். உங்களையும் ஏமாற்றினேன்.

போன மாதம் சம்பந்தி கூப்பிட்டார்.

“மூணாம் பாகம் போடலாமான்னு எடிட்டரு கருத்துக் கேட்டிருக்காராம். உங்க மாப்பிள்ளை படிச்சுச் சொன்னாப்புல. நீங்க வேணும்னு எழுதுங்க.”

“நான் ரெண்டாம் பாகமே படிக்கலீங்களே சம்மந்தி. எதைப் பார்த்து எழுதறது?”

“புடிச்ச பொஸ்தகத்தையே வேண்டாம்னு எழுதத் தெரிஞ்சவரு நீங்க. படிக்காத பொஸ்தகத்தை வேணும்னு எழுதத் தெரியாதுங்களா?”

பாறைக்கு ஏறிப் போனேன். உள்ளங்கையால் போனின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு, மற்றவர்களின் கருத்துகள் கண்ணில் படாமல், கீழே எழுதுகிற இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். என் பெயரில், ‘மூன்றாம் பாகம் அவசியம் வரவேண்டும்’ என்று எழுதினேன். இறங்கி வந்து போனில் அவரிடம் சொன்னேன்.

“மார்க் போட்டீங்களா ரெண்டாம் பாகத்துக்கு?”

“இல்லீங்க.”

“மார்க்கு இல்லாத கருத்தை யாருங்க மதிப்பாங்க? பத்துக்குப் பத்துப் போடுங்க. அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க.” அவர் குரலில் இருந்த திருப்தி எனக்குப் பழக்கமானது. அன்றைக்குப் பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு பஸ்ஸில் மலையேறும்போது எனக்கு இருந்ததும் அதுதான். “அப்புறம் மூணாவது வந்தா அதையும் நீங்க தொடக் கூடாது.”

“அது சத்தியத்துல இல்லீங்களே.”

“ரெண்டாவதைப் படிக்காம மூணாவதைப் படிச்சா உங்களுக்கு என்னங்க புரியும்?”

போனை வைத்ததும் கோபம் வந்தது. நடந்ததற்கெல்லாம் பிறகும், எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் தோட்டத்தில் நின்றேன். மறுபடி பாறைக்கு ஏறிப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, பத்துக்குப் பத்து என்று சேர்த்தேன்.